கொட்டாஞ்சேனை நேரம்

ஜெகதீஸ்வரி எழுதிய நிரல் வெள்ளவத்தையில் ஓடியது. கொட்டாஞ்சேனையிலும் அவள் பக்கத்தில் நின்றால் ஓடியது. அவள் பஸ் ஏறிப் போய்விட்டால், மறுநாள் காலையில் நின்றுவிடும்.

"நீர் நிண்டா ஓடுது, நீர் போனா நிக்குது," என்றார் தில்லைநாதன். "இது புரோகிராமோ, நீர் வளர்க்கிற நாய்க்குட்டியோ?"

தில்லைநாதன் அவளுடைய முதலாளி. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு வியாபாரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்துவந்தார். நல்ல மனிதர். ஆனால் ஒரு விதி வைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்தவர் செய்த முதல் வேலையை வாடிக்கையாளர் தம் வாயால் 'சரி' என்று சொன்ன பிறகுதான் நியமனம். அதன் பிறகுதான் அலுவலக அடையாள அட்டை.

வேறொரு காலமாக இருந்தால் அந்த அட்டை ஒரு பொருட்டல்ல. இது இரண்டாயிரமாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் தங்குபவர் பொலிஸில் பதிய வேண்டும். ஏன் வந்தாய் என்ற கேள்விக்குப் பதிலும் வைத்திருக்க வேண்டும். 'வேலை' என்று சொல்லியிருந்தாள் ஜெகதீஸ்வரி. பொலிஸ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வருகிற சனிக்கிழமைவரை பதிவை நீட்டிக் கொடுத்து, அடுத்த முறை வேலை அட்டையோடு வரச் சொன்னார். அட்டை இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். யாழ்ப்பாணக் கப்பல் எப்போது புறப்படும் என்பது கப்பலுக்கே தெரியாத காலம் அது.

கொட்டாஞ்சேனைக் கடை அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். பெயர்ப்பலகையில் சத்தியநாராயணன் என்று இருந்தது. நடத்துவது அவருடைய மனைவி விசாலம். பில் போடுபவர் ஹியூபேட். சரக்கு முழுவதும் ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் கிடந்தது. அதற்குப் பொறுப்பு ராமையா. கடையில் ஹியூபேட் பில் போட்டால், அது ரெலிபோன் வயர் வழியாகக் களஞ்சியத்துக் கணினிக்குப் போய், அங்கே ஒரு துண்டுச்சீட்டாக அச்சாக வேண்டும். துண்டைப் பார்த்து ராமையா லொறியில் மூட்டை ஏற்றுவார். இதற்காக ஜெகதீஸ்வரி இரண்டு நிரல்கள் எழுதியிருந்தாள். ஒன்று ஹியூபேட்டின் திரையில் தெரிவது. மற்றது களஞ்சியத்துக் கணினியில், யாரும் திறக்காமல், யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பது. விண்டோஸில் இதற்கு சேர்விஸ் என்று பெயர்.

நிறுவப் போன முதல் நாளே கடைக் கணினியில் நிரல் திறக்க மறுத்தது. அவளுடைய கணினியில் எப்போதோ வந்து குடியேறியிருந்த ஒரு கோப்பு அங்கே இல்லை. வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போய் அதை பிளொப்பியில் கொண்டுவந்தாள். பிறகு சேர்விஸ் ஓடியது, ஆனால் துண்டு அச்சாகவில்லை. பிரிண்டர் ராமையாவின் பெயரில் நிறுவப்பட்டிருந்தது. சேர்விஸோ யார் பெயரிலும் ஓடுவதில்லை. ஊர் பேர் தெரியாதவனுக்கு பிரிண்டர் தாள் கொடுக்கவில்லை. அதைச் சரிசெய்தால், கடைக் கணினிக்குள் ஹியூபேட்டின் பெயரில் நுழைந்து பில் சேமிக்க முடியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜெகதீஸ்வரி அந்தக் கணினியின் சகல அதிகாரங்களையும் ஹியூபேட்டுக்கே கொடுத்துவிட்டாள். எல்லாரும் செய்வதுதான். செய்யக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்ததும்தான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் புது வருத்தம். காலையில் ஹியூபேட் பில் போடுவார். 'அனுப்பப்பட்டது' என்று திரை சொல்லும். ஒருகொடவத்தையில் ஒன்றும் வராது. உடனே ரெலிபோனில் சண்டை தொடங்கும்.

"அனுப்பியாச்சுன்னு இங்க கொட்டை எழுத்துல போட்டிருக்கு ராமையா!"

"அந்தக் கொட்டை எழுத்தையே லொறியில ஏத்தி அனுப்பவா? இங்க வெறுந்தாள்கூட வரல. ரைவர் வந்து என் மேசை மேல உக்காந்திருக்கான்."

"பிரிண்டர் சுவிச்சைப் போட்டியா?"

"நீ கண்ணாடியைப் போட்டியா?"

சண்டை வெள்ளவத்தைக்குத் தெரியவந்ததும் ஜெகதீஸ்வரி 'வாறன்' என்று ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போவாள். அவள் முன்னால் ஹியூபேட் பில் போட்டதும் துண்டு ஒருகொடவத்தையில் விழும். "பாருங்க மிஸ், நீங்க வந்தாத்தான் அதுக்கு வெக்கம் வருது," என்பார் ஹியூபேட். விசாலம் அவளுக்குத் தேத்தண்ணியும் முறுக்கும் கொடுத்து அனுப்புவார். மறுநாள் காலையில் மறுபடியும் லொறி நிற்கும்.

வயரை மாற்றினாள். மோடத்தை மாற்றினாள். வைரஸ் தேடும் நிரலை நிறுத்திப் பார்த்தாள். ஒருகொடவத்தைக்குப் போய் ஒரு பகல் முழுவதும் பருப்புத் தூசிக்குள் தும்மிக்கொண்டு இருந்தாள். சேர்விஸ் உயிரோடு இருந்தது. பில்கள் வந்தன. வந்தவற்றை அது வாங்கி, ஒரு வார்த்தை சொல்லாமல் எறிந்துவிட்டது.

புதன்கிழமை ஒப்பிஸ் ரெலிபோனைத் தில்லைநாதன் கையில் வைத்துக்கொண்டு யாரோடோ நெடுநேரமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அவர் வைப்பதாக இல்லை. ஜெகதீஸ்வரி சொல்லாமலே புறப்பட்டாள். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, 'எங்கே வேலை' என்பதற்கு வாயால் பதில் சொல்லி, அதை ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் யோசிக்க, அரை மணி போயிற்று.

கடைக்குள் நுழைந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். சாவடியில் நின்றது கணக்கிலேயே வரவில்லை. பஸ் மறிக்கப்படாமல் நேரே வந்திருந்தால் என்ன மணியோ அந்த மணி. கொடுத்து வைத்தவள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். பிறகு கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். அது அரை மணி முன்னால் நின்றது. கணினித் திரையின் மூலையைப் பார்த்தாள். திரை, சுவரின் பக்கம் நின்றது.

"ஹியூபேட், இதென்ன நேரம்?"

ஹியூபேட் ஸ்டூலை இழுத்தார். அதில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி முள்ளை அரை மணி தள்ளி வைத்தார். இறங்கி, கணினியின் மூலையை இரண்டு தடவை தட்டி அதையும் தள்ளி வைத்தார். "ஒரு நேரமுமில்ல மிஸ். சரியான நேரம்," என்றார்.

விசாலம் உள்ளேயிருந்து வந்தார். "சொல்லாம வந்துட்டியேம்மா!" என்று அவர் சொன்ன விதத்தில், குளிக்கும்போது கதவைத் திறந்தவளைக் கேட்பது போன்ற ஒரு குறை இருந்தது.

பிறகு சொன்னார். நாலு வருஷத்துக்கு முன் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னால் தள்ளியது. கோயிலும் பஞ்சாங்கமும் பழைய நேரத்திலேயே நின்றன. இப்போது அரை மணி வித்தியாசம்.

"கரண்ட் மிச்சம் பிடிக்கத் தள்ளினாங்க. சரி. ராகுவுக்கு யாராவது கரண்ட் பில் அனுப்புறாங்களா? அவர் பாட்டுக்குப் பழைய நேரத்துலதான் வர்றார். இந்தப் பாவி ஹியூபேட் கூட்டிக் கழிக்கத் தெரியாம ஒருநா ராகு காலத்துல முதல் பில்லைப் போட்டான். ஒரு லொறி அரிசி களனி ஆத்துல இறங்கிச்சு. அன்னைக்கே சொல்லிட்டேன், இந்தக் கடையில மணி, பொட்டி, எல்லாம் பழைய நேரம்."

"அப்ப நான் வந்தா ஏன் மாத்திறனீங்கள்?"

விசாலம் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவ பொலிஸ் வந்து சுவரைப் பாத்துச்சு. இந்த நேரம் வன்னியில, புலிங்ககிட்டதானே ஓடுது, இங்க ஏன் ஓடுதுன்னு கேட்டாங்க. இவனைக் கூட்டிட்டுப் போய்ச் சாயந்தரம் வரைக்கும் வச்சிருந்தாங்க."

"பெஞ்சுல, மிஸ்," என்றார் ஹியூபேட். "நான் ராகு காலம் பாக்கிற ஆளே இல்ல. மாதா கோயில் பூசைக்குப் போற ஆள். எங்க சொல்லி விளங்கப்படுத்த?"

"அதுக்குப் பிறகு வெளியாள் வர்றாங்கன்னு தெரிஞ்சா தள்ளி வச்சிடுறது."

"நான் வெளியாளோ அம்மா?"

"நீ நல்ல பொண்ணு. ஆனா கம்பனி. கம்பனின்னா புது நேரம்."

ஜெகதீஸ்வரி ஹியூபேட்டின் கதிரையில் உட்கார்ந்தாள். ரெலிபோன் வயர் அறுந்து அறுந்து ஒரே பில் இரண்டு முறை போய், ஒரே லொறிக்கு இரண்டு மடங்கு மூட்டை ஏறக் கூடாது என்று, சேர்விஸில் அவளே ஒரு காவல் போட்டிருந்தாள். பில்லின் நேரமும் களஞ்சியத்தின் நேரமும் கால் மணிக்கு மேல் விலகியிருந்தால் எறிந்துவிடு. ஒரு கடைக்கு ஒரு நேரம்தான் இருக்கும் என்று நம்பி எழுதிய வரி. களஞ்சியமோ அரசாங்க நேரத்தில் ஓடியது. ஏன் எறிந்தது என்று எங்கும் சொல்லும்படி அவள் எழுதவில்லை. அது இரண்டாவது பிழை.

கடையை அரசாங்க நேரத்துக்கு மாற்றும்படி கேட்கலாம். விசாலத்தின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. கணினியில் உலகத்து ஊர்களின் நேரப் பட்டியலைத் திறந்து கீழே போனாள்.

"அட, சென்னைன்னு போட்டிருக்கே!" என்றார் விசாலம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"ஓம் அம்மா. சென்னை நேரமும் உங்கட பழைய நேரமும் ஒண்டு."

"அப்ப இந்தப் பொட்டிக்குப் புத்தி இருக்கு."

சென்னையைத் தெரிவுசெய்தாள். ஒப்பிஸுக்குப் போய், இரண்டு கணினிகளும் தங்கள் நேரத்தை கிரீனிச் பொது நேரமாக மாற்றிய பிறகே ஒப்பிட்டுப் பார்க்கும்படி நிரலைத் திருத்தினாள். லொறி சாவடிகளைத் தாண்ட வேண்டும் என்பதால் துண்டில் மட்டும் அரசாங்க நேரம் அச்சாகும். பில்லை எறிந்தால் காரணம் ஹியூபேட்டின் திரையில் தெரியும். வியாழக்கிழமை காலையில் அவள் இல்லாமலே எல்லாத் துண்டுகளும் விழுந்தன. ராமையாவும் ஹியூபேட்டும் கதைப்பதற்கு விஷயம் இல்லாமல் ரெலிபோனை வைத்தார்கள்.

"இனி மணியைத் தொடக் கூடாது," என்று அவள் ஹியூபேட்டிடம் சொன்னாள். ஹியூபேட் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் 'சரி' கேட்கத் தில்லைநாதன் நேரில் வந்தார். சாவடியில் மரியாதை கிடைக்கும் என்று டை கட்டியிருந்தார். புறப்படுமுன் ஒழுங்காக ரெலிபோன் எடுத்து, வருகிறேன் என்று ஹியூபேட்டிடம் சொல்லியிருந்தார்.

ஹியூபேட் பில் போட்டார். திரையில் 'நேரம் பொருந்தவில்லை' என்று வந்தது.

ஜெகதீஸ்வரி சுவரைப் பார்த்தாள். புது நேரம். மூலையைப் பார்த்தாள். சென்னையும் அரை மணி முன்னேறியிருந்தது.

"ஹியூபேட், தொட்டனீங்களோ?"

"மிஸ் தொடாதேன்னுதான் சொன்னீங்க. ஆள் வந்தா என்ன செய்யிறதுன்னு சொல்லலியே."

"எந்த நேரம் பொருந்தேல்லையாம்?" என்றார் தில்லைநாதன்.

"இங்க ஒரே நேரம்தான் ஐயா," என்றார் விசாலம் சட்டென்று. "அரசாங்க நேரம்."

தில்லைநாதன் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். "இப்ப நீர் நிண்டும் ஓடேல்லை. போன கிழமையிலும் பாக்க மோசமெல்லோ?"

மறுநாள் சனிக்கிழமை, பொலிஸ் பதிவு முடியும் நாள். நடந்ததை ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அது விசாலம் மறைத்துவைத்திருக்கும் வசனம். அந்த வசனத்துக்காக ஹியூபேட் பெஞ்சில் இருந்திருக்கிறார். ஜெகதீஸ்வரி விசாலத்தின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா," என்றாள் கடைசியில், "இவர் வெளியாளில்லை."

"டை கட்டியிருக்காரே."

"டைக்கு உள்ளை எங்கட ஆள்தான்."

விசாலம் தில்லைநாதனின் முன்னால் வந்து நின்றார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுல எந்த நேரம்?"

தில்லைநாதன் தெருவைப் பார்த்தார். டையைச் சற்றுத் தளர்த்தினார். "வீட்டிலை பழசுதான்," என்றார் மெல்ல. "மனிசி மாத்த விடேல்லை. ஒப்பிசுக்கு வந்தாப் புதுசு. பஸ்ஸுக்குள்ளை ரெண்டுமில்லை."

"ஹியூபேட், திருப்பு!"

ஹியூபேட் ஸ்டூலில் ஏறினார். முள் பின்னால் வந்தது. சென்னை தன் இடத்துக்கு வந்தது. பில் போயிற்று. சற்று நேரத்தில் ரெலிபோன் அடித்தது. ராமையாவின் குரல் கடை முழுவதும் கேட்டது. "வந்திருச்சு! ரைவர் என் மேசையை விட்டு எறங்கிட்டான்!"

"சரி," என்றார் விசாலம், தில்லைநாதனிடம். "எனக்குச் சரி. இந்தப் பொண்ணு எப்பவாச்சும் வந்து பாத்துட்டுப் போகட்டும். போன் பண்ண வேணாம்."

புறப்படுமுன் ஜெகதீஸ்வரி உட்கார்ந்து, பில் சேமிக்கும் அனுமதியை மட்டும் விட்டுவிட்டு, கணினியின் மணியை மாற்றுவது உட்பட ஹியூபேட்டின் மற்ற அதிகாரங்கள் அனைத்தையும் எடுத்தாள்.

"மிஸ், பொலிஸ் வந்தா?"

"சுவரைத் திருப்புங்கோ. திரையை நிப்பாட்டுங்கோ."

வாசலில் தில்லைநாதன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். ஏற்கெனவே பிளாஸ்ரிக் போட்டு, படம் ஒட்டி, கையொப்பமும் வைத்திருந்தார். "ஓடாட்டில் திருப்பிக் கொண்டுபோக யோசிச்சனான்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அவர் கொட்டாஞ்சேனையில் இன்னொருவரைப் பார்க்கப் போனார். அவள் தனியாக பஸ் ஏறினாள். சாவடியில் வழக்கம்போல் எல்லாரையும் இறக்கினார்கள். தன் முறை வந்ததும், "கொஹேத வெட?", எங்கே வேலை, என்று ஆமிக்காரர் சிங்களத்தில் கேட்டு முடிக்குமுன்பே அட்டையை நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "யன்ன," என்று போகச் சொன்னார்.

அட்டையை அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.