எடை பார்க்கும் நாள்

கதிரவன் கூரைகளுக்கு மேலேறி, கடைத்தெருவின் நிழல்களைச் சுவரோரம் ஒதுக்கி, பள்ளி செல்வோரும் பணி செல்வோரும் நீங்கிய தெருக்களைத் தாய்மாருக்கென ஒழித்துக் கொடுத்த முற்பகல் வேளையில், நகரின் பழைய மருத்துவமனையில், சுண்ணம் உதிர்ந்த சுவர்களும் உயர்ந்த சாளரங்களும் உடைய நீண்ட கூடத்தில், நாற்பது பெண்கள் நாற்பது கைக்குழந்தைகளை மடியிலேந்தி அமர்ந்திருந்தனர். திங்கள்தோறும் ஒருமுறை வரும் எடை பார்க்கும் நாள் அது. ஒரு குழந்தை அழுதால் ஒன்பது குழந்தைகள் துணைக்கழும் அக்கூடத்தில் பெண்கள் மட்டும் வாய்பொத்தி இருந்தார்கள்.

அவர்களை வாய்பொத்த வைத்தவள் குழந்தைகள் நலச் செவிலி. நோய் வந்தபின் மருந்தூட்டுவதினும் வராமற் காப்பதே மேலென்று உறுதிகொண்டு, தாய்ப்பாலின் சிறப்பை ஓயாது ஓதி, தடுப்பூசி தவறியோரை வீடு தேடிச் சென்று இழுத்து வந்து, இருபது ஆண்டுகளில் எத்தனையோ உயிர்களை மண்ணில் நிலைக்கச் செய்தவள். ஆயினும் அவள் கையிலிருந்த ஊசியைவிட அவள் நாவு கூர்மை. எடை குறைந்த குழந்தையின் தாயை ஊரறியக் கடிந்துகொள்வாள். எடை ஏறிய குழந்தையின் தாயை எழுந்து நிற்கச் சொல்லிப் புகழ்வாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பெண்கள் அவளுக்குத் 'தராசம்மா' என்று பெயரிட்டிருந்ததை அவளைத் தவிர அனைவரும் அறிவர். நல்லதைத்தானே சொல்கிறோம் என்னும் நினைப்பு இருக்கிறதே, கற்றறிந்த பெருமக்களே, அதைப்போல் ஒருவரைச் செவிடாக்குவது வேறொன்றில்லை.

அன்று பதினோராவதாக வந்தவள் ஒரு தையற்காரி. தலைப்பிள்ளை, நான்கு திங்கள் நிரம்பிய பெண் மகவு. போன திங்கள் எடை குறைந்திருந்தபோது, "பெத்தா மட்டும் போதுமா? வளக்கத் தெரிய வேண்டாமா?" என்று செவிலி கேட்ட கேள்வியில் கூடமே திரும்பிப் பார்த்தது. இன்றோ எடைப்பொறியின் முள் எதிர்பார்த்த இடத்தையும் கடந்து போய் நின்றது. செவிலி முகம் மலர்ந்தாள். மலர்ந்த மறுநொடியே அவள் புருவம் நெரிந்தது. எடை ஏறியும் குழந்தையின் கைகள் பழையபடியே குச்சியாய் இருந்தன. இமைகள் மட்டும் வீங்கியிருந்தன. தொட்ட உடல் சில்லிட்டிருந்தது. என்னவென்று கேட்க அவள் வாயெடுக்குமுன் குழந்தையின் கண்கள் ஒருபுறம் செருக, கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின.

குழந்தையை வாரியெடுத்து அடுத்த அறைக்கு ஓடினாள் செவிலி. மருத்துவரும் விரைந்து வந்தார். வலிப்பை அடக்கும் மருந்தை ஏற்றியதும் துடிப்பு சற்றே தணிந்து, ஏமாற்றிவிட்டு மீண்டும் வந்தது. காய்ச்சலில்லை, அடிபட்ட தடமில்லை. குருதியை ஆய்ந்து விடை வர ஒரு மணி நேரமாகும். அதுவரை இச்சிற்றுயிர் தாங்குமோ என்னும் ஐயத்தை மருத்துவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர் முகம் சொல்லிற்று. குழந்தைக்கு என்ன கொடுத்தாய் என்று மும்முறை கேட்டார். தாய்ப்பால் மட்டுமே என்று மும்முறையும் தாய் சொன்னாள். கேட்டவர் மருத்துவர், ஆனால் விடை சொல்லும்போதெல்லாம் அவள் பார்த்தது செவிலியை.

அந்தப் பார்வை செவிலியின் நெஞ்சில் தைத்தது. குழந்தையின் அடியில் நனைந்திருந்த துணியை எடுத்துப் பார்த்தாள். ஈரம் சொட்டியது, நிறமே இல்லை. இவளுக்கு ஏதோ தெரியும், சொல்ல வாய் வரவில்லை, அந்த வாயை அடைத்தவள் நானே என்று உணர்ந்த அந்நொடியில், இருபது ஆண்டுப் பெருமை அவள் காலடியில் சரிந்தது. திறந்த கதவின் வழியே கூடத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று எண்ணியவளாய்த் தாயின் முன் தரையில் அமர்ந்து, அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"போன மாசம் எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசினது என் தப்பும்மா. நீ என்ன சொன்னாலும் திட்ட மாட்டேன். காலையிலேருந்து பிள்ளைக்கு என்ன குடுத்தே?"

தாய் குழந்தையின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"தண்ணிதான் அக்கா. வெறும் தண்ணி. விடிஞ்சதிலேருந்து அஞ்சு புட்டி. எடை ஏறிட்டா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு..."

மருத்துவர் மேலும் கேட்கக் காத்திருக்கவில்லை. மிகுந்த நீர் குருதியின் உப்பைக் கரைத்து, மூளையை வீங்கச் செய்துவிட்டதென்று தெளிந்து, செறிந்த உப்புநீரை அளந்து நரம்பின் வழியே ஏற்றினார். குழந்தையின் நாடியில் விரல் வைத்த செவிலி, தன் மூச்சையும் மறந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை வலிப்பு வந்தது. தாய் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு இழுப்பு தளர்ந்தது. இறுகிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நெடுநேரம் கழித்து, பசித்த குழந்தை அழும் சினம் மிகுந்த அழுகை அவ்வறையில் எழுந்தது. அதைக் கேட்டபின்பே தாய் அழுதாள். செவிலியும் அழுதாள், ஒளிக்காமல்.

கூடத்துக்குத் திரும்பியவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்: பால்குடிக்கும் குழந்தைக்கு வெறுந்தண்ணீரும் நஞ்சாகும் என்பதையும், அதைக் கொடுக்க வைத்தது தன் நாவே என்பதையும். பின்னர், திங்கள்தோறும் அவள் எழுப்பி நிறுத்திப் புகழ்ந்த பெண் ஒருத்தி, பைக்குள் கைவிட்டுப் பாதி ஒழிந்த புட்டி ஒன்றை எடுத்து எடைப்பொறியின் தட்டில் வைத்தாள்.

"நானும் குடுத்தேன் அக்கா. இன்னைக்கு மட்டும் இல்லை."

அவளுக்குப் பின் ஒருத்தி எழுந்தாள், அவளுக்குப் பின் இன்னொருத்தி. தட்டில் ஏழு புட்டிகள் சேர்ந்தன. ஏழு குழந்தைகளையும் உடனே மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, எடைப் பதிவேட்டைத் திறந்தாள் செவிலி. இத்தனை ஆண்டுகள் பெருமையோடு எழுதிவைத்த எண்களில் குழந்தையின் எடை எவ்வளவு, தாயின் அச்சத்தின் எடை எவ்வளவு என்று இனி எவர் பிரித்தறிவார்? சேய்நலம் காக்கப் புகுந்தோர் தாயின் நெஞ்சை அஞ்ச வைத்தால், காத்ததும் கரைந்துபோகும்; இதை அறிய அவளுக்கு இருபது ஆண்டுகளும் ஓர் உயிரின் துடிப்பும் வேண்டியிருந்தன.