மூக்கு உயரம்

பைக் உதிரிபாகக் கடைக்காரர் அளவு நாடாவை எடுத்ததும் மாஸ்டரின் வயிறு தானாக உள்ளே போயிற்று. நெஞ்சு முன்னால் வந்தது. இத்தனை வருஷம் எங்கே மடித்து வைத்திருந்தாரோ, கழுத்து மெல்ல மெல்ல எழும்பி வெளியே வந்தது. பைக்கின் மேல் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் நாற்சந்தியில் குதிரைமேல் இருக்கும் சிலைகள்கூட வெட்கப்பட்டு இறங்கி நடந்து போயிருக்கும்.

"நேரா ரோட்டைப் பாருங்க மாஸ்டர். சாதாரணமா உக்காருங்க," என்றார் கடைக்காரர்.

"சாதாரணமாத்தான் உக்காந்திருக்கேன்."

பக்கத்தில் கைப்பையுடன் நின்ற மனைவி அவர் முதுகை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "எப்பவும் போல உக்காருங்களேன்."

"இதுதான் எப்பவும்."

அவள் அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது மாஸ்டருக்கு மேல்கோர்ட்டு தீர்ப்பை ஒத்திவைத்த மாதிரி.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் அல்ல. சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டிரைவர், நர்ஸ், காவலாளி என்று ஊரில் பாதிப்பேர் அவர் வெட்டிய துணிக்குள்தான் நடமாடினார்கள். நாடாவைக் கண்டதும் மனிதர்கள் உடம்பால் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை. தொப்பைகள் ஒளிந்துகொள்ளும், தோள்கள் கதவைப்போல அகலும். அப்படி அளந்து வெட்டிய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு காவலாளி சல்யூட் அடிக்க, பட்டன் பறந்துபோய் மேனேஜரின் டீக்குள் விழுந்ததாக அவரே நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். இன்று அந்தக் கதை அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. நாடாவின் மறுமுனையில் நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

விஷயம் விளையாட்டல்ல. மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீன் சமையலறைக்குப் பொறுப்பு. விடிவதற்கு முன்னால் போய் அடுப்புகளை மூட்ட வேண்டும். ஓய்வுபெற்றதிலிருந்து பைக்கில் கொண்டுபோய் விடுவது மாஸ்டர்தான். ஒரு நாளில் நேரத்துக்கு நடக்க வேண்டிய வேலை என்று அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றே. அது முடிந்தால் சாயங்காலம் வரை அவரும் சுவர்க்கடிகாரமும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போன குளிர்காலத்தில் அந்தப் பயணத்தில்தான் முகத்தில் காற்றடித்து வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. குடித்த டீ இடது ஓரமாகத் திரும்பி வந்தது. இடது கண் மூட மறுக்க, வலது கண் மட்டும் இமைக்க, தெருவில் பாதிப்பேர் அவர் கண்ணடிக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மீதிப்பேர் பதிலுக்குக் கண்ணடித்தார்கள். ஒருவழியாக முகம் பழைய இடத்துக்கு வந்தது. இனி குளிர்காற்று முகத்தில் படவே கூடாது என்றார் டாக்டர். முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தார். உள்ளே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, ஒரு விளக்குக் கம்பத்துக்கு மரியாதையாக வழிவிட்டு நின்றார். கம்பம் நகரவில்லை.

கேன்டீன் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் அவர்கள் தெரு வழியாகத்தான் போகும். "இந்த விண்ட்ஷீல்டும் சரிப்படலைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நான் வேன்ல போயிக்கிறேன்," என்று மனைவி சொல்லியிருந்தாள். "நீங்க நல்லா போத்திக்கிட்டுத் தூங்குங்க." வாய் கோணியபோதுகூட அவருக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

கடைக்காரர் பைக்கின் முன்னால் மாட்டும் காற்றுத்தடுப்புக் கண்ணாடிகளில் மூன்றை எடுத்து வைத்திருந்தார். மாஸ்டரின் கண் போனது கறுப்புச் சாயம் போட்ட குட்டையான ஒன்றின்மேல். பைக்கில் அதை மாட்டினால் இருபது வயது குறையும் என்று அது அவரிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அது வேண்டாம் மாஸ்டர். விடியாத நேரத்துல கறுப்பைப் போட்டா, இருட்டுல கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி. அதுவும் குட்டை. நெஞ்சுல படற காத்தையெல்லாம் வாரிக்கிட்டு வந்து உங்க தாடையில கொட்டும்." பெரிய, நிறமில்லாத ஒன்றைத் தட்டினார். "இதுதான் உங்களுக்கு. ஆளுக்குத் தகுந்தபடி மேல வெட்டித் தருவேன். விளிம்பு மூக்கு நுனிக்கு நேரா நிக்கணும். நீங்க அதுக்குள்ளாற பாக்கக்கூடாது, அதுக்கு மேல பாக்கணும். காத்து விளிம்புல மோதி எகிறி உங்க தலைக்கு மேல போயிடும். ஆனா ஒண்ணு, வெட்டின பொறகு திருப்பி எடுக்க மாட்டேன்."

"வெட்டுறதைப் பத்தி எனக்கேவா சொல்றீங்க?"

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மூக்கு நுனிக்கு நேராகக் கடைக்காரர் கோடு போட்டார். ரம்பம் கிறீச்சிட்டது. மனைவி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடியலில் குளிர் பல்லைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றது. கிளம்பிய கொஞ்ச தூரத்துக்கு மாஸ்டர் மகாராஜா. முகத்தில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. தீக்குச்சி கிழித்தால்கூட அணையாது. சொன்னால் நம்ப மாட்டார்கள், தன் மூச்சின் சத்தம் தனக்கே கேட்டது அவருக்கு.

பிறகு முதுகு தன் வழக்கமான இடத்துக்குத் திரும்பியது. நாற்பது வருஷம் வெட்டுமேசையின்மேல் குனிந்த முதுகு. அது மெல்ல வளைய வளைய, மூக்குக்கு நேரே நின்ற விளிம்பு ஏறியது. கன்னத்தைத் தாண்டியது. சரியாகக் கண்ணுக்கு நடுவில் வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

உலகம் இரண்டாக வெட்டுப்பட்டது. விளிம்புக்கு மேலே மரங்களின் உச்சியும் விளக்குகளின் தலையும் துல்லியமாக இருந்தன. கீழே, பனி படிந்த பிளாஸ்டிக்கில், சாலை கஞ்சியாகக் கரைந்து கிடந்தது. மாஸ்டர் நிமிர்ந்தார். சாலை தெரிந்தது. இடுப்புக்குமேல் யாரோ ஊசியால் குத்தினார்கள். தளர்ந்தார். சாலை கரைந்தது. மறுபடி நிமிர்ந்தார். பின்னாலிருந்து பார்த்தவளுக்கு, தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கித் தலை தூக்கும் ஆளைப்போல இருந்திருக்கும்.

"தெரியுதாங்க?"

"பளிங்கு மாதிரி."

வேகத்தைக் குறைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதே வேகத்தில் வளைவைப் பிடித்தார். இடுப்பு இந்தத் தடவை நிமிர மறுத்தது. விளிம்புக்கு மேலே, கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு தலை மட்டும் மிதந்து வந்தது. ஓரமாக யாரோ நடந்து போகிறார் என்று நினைத்தார். தலைக்குக் கீழே இருந்ததெல்லாம் சாம்பல் நிறம்.

"என்னங்க, வண்டி... வண்டி!" அவள் கை அவர் தோளில் இடியாக இறங்கியது.

இரண்டு பிரேக்கையும் ஒருசேர அழுத்தினார். பின்சக்கரம் ஒருபக்கமாக நழுவி, யோசித்து, திரும்பி வந்தது. பைக் நின்றபோது முன்சக்கரம் ஒரு குப்பை வண்டியின் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. குல்லாய்க்காரர் தள்ளுகோலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"என்ன பெரியவரே, தூக்கமா?"

"இல்லப்பா. கண்ணாடி புதுசு."

"அப்போ கண்ணு பழசா?" வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மாஸ்டர் இன்ஜினை அணைத்தார். மனைவி இறங்கினாள். சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மாஸ்டர் சட்டென்று விறைத்து நிமிர்ந்தார்.

அவள் கைகளை அக்குளுக்குள் சொருகிக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கக் காத்திருப்பவளைப்போல, அவரையே பார்த்தபடி நின்றாள். மாஸ்டரும் பார்த்தார். முதலில் வயிறு கைவிட்டது. பிறகு தோள். கடைசியில் முதுகு, யாரும் கேட்காமலே, உண்மையைச் சொல்லிவிட்டது.

அவள் கைப்பையைத் துழாவினாள். சமையலறையில் விரல் வெட்டுப்பட்டால் ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை எடுத்தாள். முந்தானையால் பனியைத் துடைத்து, அவர் மூக்கைப் பார்த்து, கண்ணாடியில் குறுக்காக ஒட்டினாள். விளிம்புக்கு நாலு விரல் கீழே.

"இங்க இருக்கு உங்க மூக்கு."

மாஸ்டர் அந்தப் பட்டையையே பார்த்தார். "நேத்து கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தாளு முன்னாடியா?"

பின்னாலிருந்து வெளிச்சம் வந்து இருவரையும் கண்ணாடியையும் நனைத்தது. கேன்டீன் வேன். டிரைவர் ஜன்னலை இறக்கினார்.

"என்னாச்சுக்கா? ஏறுங்க, இடமிருக்கு."

உள்ளே மஞ்சள் விளக்கு. சால்வை போர்த்திய ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டினாள். மனைவி வேனைப் பார்த்தாள். மாஸ்டர் ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்காரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உட்காரவில்லை.

"நீ முன்னாடி போப்பா," என்றாள் அவள். "மெதுவாப் போ. நாங்க பின்னாலயே வரோம்."

"திங்கக்கிழமை?" என்றார் மாஸ்டர்.

"அதைத் திங்கக்கிழமை பாக்கலாம்."

வேன் நகர்ந்தது. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக இடுப்பில் வந்து தங்கும் கை இன்று அவர் ஜாக்கெட்டின் முதுகை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் நிமிராமலே, நடைவேகத்தில் வண்டியை ஓட்டினார். வேனின் பின்விளக்குகள் இரண்டும் விளிம்புக்குக் கீழே சிவப்பு மெழுகாக உருகி வழிந்தன. பள்ளங்களில் பைக் ஏறி இறங்கும்போது மட்டும் ஒரு நொடி விளிம்புக்கு மேலே குதித்து, இரண்டு கூர்மையான புள்ளிகளாக நின்று, மறுபடி கீழே கரைந்தன.