குளிர்சாதனப் பெட்டி அருங்காட்சியகம்

சின்னவளுடைய கணவனின் அண்ணன் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி நேரத்துக்குக் கிளம்பியது, எந்த வண்டி எந்த மூலையில் தூங்குகிறது என்று பார்த்து விசில் ஊதுவது அவருடைய உத்தியோகம். மற்றவர்கள் உத்தியோகத்தைப் பணிமனையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் அப்படி இல்லை. குளியலறையில் யாராவது கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் கதவுக்கு வெளியே விசில் கேட்கும். வீட்டில் அவருக்கு முன்னால் பெரியவர் என்று பெயர், முதுகுக்குப் பின்னால் டைம் கீப்பர்.

அவருக்குத்தான் அந்த ஆசை வந்தது. கடலோர மாவட்டங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. முடிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். வேன் பேசியாகிவிட்டது, பணிமனையில் பேருந்து அட்டவணை போடுவது போலப் பயணத் திட்டமும் போட்டாகிவிட்டது. அதன் தலைப்பிலேயே ஒரு விதி. அதை அவர் சாப்பாட்டு மேசையைத் தட்டி எல்லாருக்கும் அறிவித்தார்.

"சொந்தக்காரங்க வீடு கிடையாது. யார் வீடா இருந்தாலும் சரி. உள்ள நுழைஞ்சா காபி, காபி முடிஞ்சா சாப்பாடு, சாப்பாடு முடிஞ்சா கல்யாண ஆல்பம். ஒரு மாவட்டமே போயிடும்."

பரிமாறிக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அக்கா அந்தக் கடலோரத்தில்தான், வேன் போகிற நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் ஆகிப் பல மாதம் ஆகிறது. போனில் கேட்டால் "எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள். சரி, முகத்தைக் காட்டு என்றால் மட்டும் கேமரா வேலை செய்யாது. எத்தனை போன் மாற்றினாலும் அக்காவுக்குக் கேமரா வேலை செய்வதே இல்லை. கல்லு மாதிரி இருக்கிறவள் எதற்கு முகத்தை ஒளிக்கிறாள்? இந்தக் கேள்வி சின்னவளை விடவே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்று முன்பே கேட்டிருந்தாள். "அதான் எல்லாருமா அந்தப் பக்கம் போகப்போறோமே, எதுக்குத் தனியா?" என்று அப்போது சொன்னவரும் டைம் கீப்பர்தான். இப்போது அந்தப் பக்கம் போகிறோம், ஆனால் நிற்க மாட்டோம் என்கிறார். புருஷனிடம் முறையிட்டாள். அவன் நல்லவன். அண்ணன் இருமினால் இவனுக்குத் தொண்டை கரகரக்கும், அவ்வளவு பாசம்.

"அண்ணன் யோசிச்சுத்தான் சொல்லுவாரு," என்றான்.

"ஒரு காபி குடிக்கிற நேரம் போதும்ங்க."

"அதத்தான் அவரும் சொல்றாரு. காபியிலதான் ஆரம்பிக்கும்னு."

சின்னவள் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். திறப்பு விழா, தள்ளுபடி விற்பனை, மூல நோய்க்கு நிரந்தரத் தீர்வு என்று ஊரில் பறக்கிற நோட்டீஸ்களில் பாதி அவள் கைவண்ணம். 'மாபெரும்', 'வரலாறு காணாத', 'இன்றே முந்துங்கள்' எல்லாம் அவள் தூக்கத்தில்கூடத் தட்டுகிற சொற்கள். டைம் கீப்பரின் பலவீனம் எது என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் மனிதர்களை நம்ப மாட்டார், போனில் தெரிகிற நட்சத்திரங்களை நம்புவார். முடி வெட்டிக்கொள்வதற்குக்கூட நட்சத்திரம் பார்த்துத்தான் கடை ஏறுவார். நாலு நட்சத்திரத்துக்குக் கீழே தலையைக் கொடுக்க மாட்டார்.

அக்காவின் புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ரிப்பேருக்கு வந்து, உரிமையாளர்கள் திரும்பி வராத பழைய பெட்டிகள் அவருடைய முற்றம் முழுக்க நிற்கும். சின்னவள் அவருக்குப் போன் போட்டு முற்றத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பிறகு போன் வரைபடத்தில் அந்த வீட்டின் தலையில் ஒரு புள்ளி வைத்து, 'குளிர்சாதனப் பெட்டி அருங்காட்சியகம்' என்று பெயர் சூட்டினாள். 'ஒரு தலைமுறையின் குளிர்ச்சி ஒரே முற்றத்தில்' என்று அடியில் ஒரு வரி. அச்சகமே அவளுக்குக் கை கொடுத்தது. மெஷின் ஓட்டுபவர் ஐந்து நட்சத்திரம் குத்தினார். பிழை திருத்துபவர் ஒற்றுப்பிழை இல்லாமல் ஒரு பாராட்டுரை எழுதினார். 'என் மனைவி வெளியே வரமாட்டேன் என்று அழுதுவிட்டாள்' என்று பைண்டர் எழுதினான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

அந்த வாரமே டைம் கீப்பர் சாப்பிடும்போது போனைத் தூக்கிக் காட்டினார். முகத்தில் புதையல் எடுத்தவரின் களை.

"யாருக்கும் தெரியாத இடம். நான் தோண்டி எடுத்திருக்கேன். போன வாரம் போனவங்க எல்லாம் அப்படி எழுதியிருக்காங்க."

"ஃப்ரிட்ஜையா போய்ப் பார்க்கப் போறோம்?" என்றாள் அவருடைய மனைவி, அதாவது சின்னவளின் ஓரகத்தி.

"உனக்கு என்ன தெரியும்? அஞ்சு நட்சத்திரம்!"

சின்னவள் குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் புரையேறிவிட்டது. புருஷன் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தான்.

பயணம் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்ட எல்லையிலும் 'வருக வருக' என்று ஒரு பலகை இருக்கும். அங்கே வேன் நிற்கும், எல்லாரும் இறங்கிப் பலகைக்கு அடியில் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு படம், ஒரு விசில், திரும்ப ஏற வேண்டும். "இது முடிஞ்சது," என்பார். மாவட்டம் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். கலங்கரை விளக்கத்தில் மூச்சு வாங்க எல்லாரையும் உச்சிவரை ஏற்றினார். ஏறி முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சொன்ன நேரத்துக்கு ஏறிட்டோம்," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தார். நீலமாகக் கடல் கீழே விரிந்து கிடந்தது, அதைப் பார்க்க அவருக்குக் கழுத்தைத் திருப்ப நேரம் இல்லை. வழியில் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு கடற்கரை தெரிந்தது. ஆளே இல்லாமல், மணல் கழுவி வைத்தது போல இருந்தது. நிறுத்தலாமா என்று டிரைவரே ஆசையாகக் கேட்டார்.

டைம் கீப்பர் போனைத் தடவிப் பார்த்தார். "இந்த இடத்தைப் பத்தி ஒருத்தனும் ஒரு வரி எழுதல. நல்லா இருந்தா எழுதாம இருப்பானா? ஓட்டுங்க."

ஓரகத்தி எல்லா மாவட்டங்களையும் தூங்கியபடியே கடந்தாள். பலகைக்கு அடியில் நிற்க மட்டும் எழுப்புவார்கள். எல்லாப் படத்திலும் கண் மூடியே விழுந்தாள்.

அக்காவின் ஊர் நெருங்க நெருங்கச் சின்னவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். டைம் கீப்பர் அக்காவைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டால்? அக்காவும் தங்கையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பார்கள். அவளுடைய கல்யாணத்தில் இதே மனிதர் அக்காவை மணப்பெண் என்று நினைத்து, பரிசுப் பெட்டியை அவள் கையில் திணித்து, நூறு வருஷம் வாழ வாழ்த்திவிட்டுப் போனவர். அந்த முகத்தை மறப்பாரா? கண்டுபிடித்தால் வாசலிலேயே விசில் ஊதிவிடுவார். அதனால் அக்காவை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தாள். இவர்கள் பெட்டிகளைப் பார்க்கும்போது தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே நழுவிவிடலாம் என்று திட்டம்.

மெக்கானிக் வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். பெட்டிகளை எல்லாம் கழுவித் துடைத்திருந்தார். சின்னவளை முன்பின் பார்க்காதவர் போல, "வாங்க, வாங்க, எங்கேர்ந்து வர்றீங்க?" என்றார். கல்யாணத்தன்று பந்தியோடு ஓடிக்கொண்டிருந்த மனிதர் என்பதால் அவரை யாருக்கும் நினைவில்லை. சின்னவளின் புருஷன்கூட அந்த வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை.

அப்புறம் நடந்ததைச் சின்னவளே எதிர்பார்க்கவில்லை. அந்தப் பயணத்திலேயே எல்லாரும் உண்மையாக ரசித்த இடம் அதுதான். மெக்கானிக்குக்குப் பெட்டிகள் மீது அப்படி ஒரு காதல். எந்தப் பெட்டி எந்த வீட்டில் எத்தனை குழந்தைகளுக்குப் பால் காத்தது, எதன் கதவை யார் கோபத்தில் உதைத்து நசுக்கியது என்று சொல்லிக்கொண்டே போனார். ஓரகத்திக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, "நம்ம வீட்டுல ஐஸ் பாறை மாதிரி கட்டுதே, அது எதனால?" என்று ஆரம்பித்துவிட்டாள். டைம் கீப்பர் கடிகாரத்தையே பார்க்கவில்லை. பச்சைப் பெட்டி ஒன்றின் முன்னால் நின்று படமாக எடுத்துத் தள்ளினார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் தட்டில் தண்ணீர் தம்ளர்களோடு வந்தாள். தலையை ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தட்டைப் பிடித்த கை நடுங்கியது, தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, படத்துல விழுறீங்க," என்றார் டைம் கீப்பர்.

அவள் தள்ளி நின்றாள்.

சின்னவளின் புருஷன் குனிந்து மனைவியின் காதில், "பாவம், வேலைக்கு இருக்கிற அம்மா போல. உடம்புக்கு முடியாதவங்களை எல்லாம் வேலை வாங்குறாங்க," என்றான்.

 அந்தப் பெண் சின்னவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். சின்ன வயசில் அம்மாவிடம் பொய் சொல்லித் தப்பிக்கும்போது அக்கா சிமிட்டுகிற அதே சிமிட்டல். அது மட்டும்தான் அக்காவிடம் மிச்சம் இருந்தது.  சின்னவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. தம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அக்காவின் பின்னாலேயே சமையலறைக்குள் போனாள்.

உள்ளே போனதும் அக்கா தட்டை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது.

"உள்ளேயே இருன்னு சொன்னேனே, ஏன்க்கா வெளிய வந்தே?"

"உன்னைப் பார்க்காம எவ்வளவு நேரம்டி ஜன்னல் ஓரமா நிக்கிறது? சரி, அந்த விசில் ஆளுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"இல்லக்கா."

"உன் வீட்டுக்காரருக்கு?"

"இல்ல."

"பார்த்தியா? நம்ம நடிப்பு அப்படி!" அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கல்யாணத்துல என்னையும் உன்னையும் மாத்தி நினைச்ச மனுஷன். இன்னிக்கு இவ்வளவு கிட்ட நின்னு தண்ணி குடுக்கிறேன், அவருக்கு அடையாளமே..."

 சிரிப்பு அக்காவின் முகத்தில் அப்படியே நின்றது. தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. மெதுவாகத் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "கேமராதான் வேலை செய்யலடி," என்றாள், சின்னக் குரலில்.

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் பிடித்துக்கொள்ள அதிகம் இல்லை.

வெளியே விசில் கேட்டது.

சின்னவள் முற்றத்துக்கு வந்தாள். எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டைம் கீப்பர் மெக்கானிக்கின் கையைக் குலுக்கி, தான் நல்லபடியாக எழுதுவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பெரியத்தான், தண்ணி கொண்டுவந்தவ என் அக்கா," என்றாள் சின்னவள்.

டைம் கீப்பர் திரும்பினார். சமையலறை வாசலில் சாய்ந்து நின்ற பெண்ணைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். மறுபடி அந்தப் பெண்ணைப் பார்த்தார். இந்தத் தடவை நன்றாகவே பார்த்தார். சின்னவளின் புருஷன் வேன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அப்படியே உறைந்துவிட்டான்.

 டைம் கீப்பரின் வாயில் வந்தது அவருடைய வழக்கமான வார்த்தைதான். "முன்னாடியே சொல்லியிருந்தா திட்டத்துல சேர்த்திருப்பேனேம்மா."

சின்னவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததைச் சொல்லலாமா என்று நினைத்தாள். அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும், அதைக் கேட்டு முடிப்பதற்குள் அக்காவுக்குக் கால் வலிக்கும். வேனுக்குள் ஏறி, இருக்கைக்கு அடியில் கிடந்த தன் பையை இழுத்தாள்.

"இதைச் சேர்க்க வேண்டாம் பெரியத்தான். என்னைத் திட்டத்துலேர்ந்து எடுத்துடுங்க."

பையோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வெளியே கொஞ்ச நேரம் பேச்சுக்குரல்கள் கேட்டன, ஓரகத்தி யாரையோ திட்டுவது கேட்டது, அப்புறம் வண்டி கிளம்புகிற சத்தம்.

"வண்டி போயிடுச்சேடி," என்றாள் அக்கா.

"போகட்டும். நீ வெளிச்சத்துக்கு வந்து உட்காரு. உன்னை நான் இன்னும் சரியாப் பார்க்கவே இல்ல."