பசை காய்வதற்குள்

அம்மாவுக்குத் தூண்டில் கம்பு செய்து கொடுப்பது என்று அப்பாவும் மாமாவும் முடிவெடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியவில்லை. தட்டு வைக்கிற இடத்தில் பசை டப்பா, கிண்ணம் வைக்கிற இடத்தில் வார்னிஷ். நாங்கள் தரையில் உட்கார்ந்து, மேசையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

அம்மா மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். புதன்கிழமை விடுமுறை. அன்று கடலோரக் கல்சுவரில் போய் உட்கார்ந்துவிட்டால், வீடு தீப்பிடித்தால்கூட எழுந்து வரமாட்டாள். வலது மணிக்கட்டு வீங்கிப்போனதும் மருத்துவர் பழைய கனத்த கம்பைத் தொடவே கூடாது என்றார். இஸ்திரிப் பெட்டியை விடச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பாரத்தை முன்கை தாங்குகிற மாதிரி லேசான கம்பு கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் மறந்துவிடுங்கள் என்று முடித்துக்கொண்டார்.  அதன் பிறகு இரண்டு புதன்கிழமைகள் அம்மா வீட்டிலேயே அலமாரியைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

அப்பா தச்சர். அம்மாவின் தம்பியான மாமா செருப்புக் கடை வைத்திருக்கிறார். ஒட்டுகிற விஷயத்தில் உலகத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று இருவருக்கும் தனித்தனியாக நினைப்பு. கம்பும் கைப்பிடிக்குக் கார்க்கும் தூண்டில் நரம்பு ஓட வளையங்களும் ஒரே நாளில் வாங்கியாகிவிட்டது. எந்தப் பசை என்பதில்தான் வண்டி நின்றது. நரம்பு சுற்றுகிற ரீலைப் பூட்டுகிற பிடி என்று ஒரு குழாய்த் துண்டு உண்டு. அதைக் கம்பில் கோத்து ஒட்ட வேண்டும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் உடைத்துத்தான் எடுக்க முடியும்.

மாமா தன் கடையில் புழங்கும் மஞ்சள் பசையைக் கொண்டுவந்து, பத்து வருஷம் தண்ணீரில் நடந்தாலும் செருப்பு பிரியாது என்றார். அப்படியானால் மீனுக்குச் செருப்பு தைத்துப் போடு என்றார் அப்பா. மாமா கோபித்துக்கொண்டு போய், மறுநாள் நொடியில் பிடிக்கிற இரட்டைக் குழல் பசையோடு வந்தார். அது அவசரத்துக்குப் பிறந்தது, நாலு மீன் இழுத்தால் பெயர்ந்துவிடும் என்று அப்பா தள்ளிவைத்தார். அப்பா சொன்னது இரண்டு டப்பா பசை. சரிக்குச் சரி கலந்து, இரவு முழுக்க அசையாமல் வைத்தால் கல்லாகிவிடும். சோதனை என்று சொல்லி ஒருவர் உடைந்த நாற்காலிக் காலையும் இன்னொருவர் பழைய குதிகாலையும் ஒட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா வேலை முடிந்து வந்து, அந்த இழுபறியைத் தாண்டி சமையலறைக்குப் போனாள்.

ஒருவரும் அவள் கையை அளக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மா வேலைக்குப் போனதும், மாமா தோற்றுப்போனார். அப்பாவின் பசையே நிச்சயமானது. அப்பா கம்பின் அடிமுனையைத் தன் முழங்கையில் முட்டுக்கொடுத்து, கை எட்டுகிற இடத்தில் கோடு போட்டார். பிடிக்குள் கம்பு ஆடாமலிருக்க அங்கே காகித நாடாவை வளையம் வளையமாகச் சுற்றினார். நான் பசையைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவின் தோளுக்குத்தான் வருவாள். அவளுக்கு நீளமாக இருக்காதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ரெண்டு விரல் கூடக் குறைய இருந்தா என்ன, பிடிக்கிறது கைதானே?" என்றார் அப்பா, நிமிராமல்.

மாமாவோ குமிழி விழாமல் கலக்கு, நிதானமாகக் கலக்கு என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடி உள்ளே போயிற்று. இருவரும் அதை ஒரு சுற்று சுற்றி, நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

சலவைக்கூடம் எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான். ஆனாலும் நான் அதற்குள் போனதே இல்லை. நீராவியில் முகங்கள் தெரியவில்லை. அம்மாவிடம் போய், "ஒட்டிட்டாங்க. அப்பா முழங்கைக்கு அளந்து" என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்தில் நின்றவளிடம் இந்தத் தலையணை உறைகளைப் பார்த்துக்கொள் என்றாள். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், எந்தப் பசை என்று. சொன்னதும் நடையை எட்டிப்போட்டாள்.

வாசலில் அவளைப் பார்த்ததும் மாமா எழுந்து நின்றார். அப்பா கம்பை இரண்டு கையாலும் நீட்டினார், மாலை போடுகிறவர் மாதிரி. அம்மா அடிமுனையை முழங்கையில் வைத்துப் பிடித்துப் பார்த்தாள். கை பிடியை எட்ட வேண்டுமென்றால் முனை முழங்கையைவிட்டு முன்னால் போயிற்று. முனை முழங்கையில் இருந்தால் விரல் பிடிக்கு எட்டவில்லை.

"மீன் பிடிக்கப் போறது யாரு?" என்றாள் அம்மா.

"நீதான்."

"அப்போ இது யார் கை?"

அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டார். மாமா, நான் அப்பவே சொன்னேன் மச்சான் என்று ஆரம்பித்தார். "நீ என்னடா சொன்னே? நீ சொன்ன பசையைப் போட்டிருந்தா இந்நேரம் இதைத் துணி காயக் கொடி கட்டத்தான் வச்சிருக்கணும்" என்றாள் அம்மா. மாமா உட்கார்ந்தார்.

அம்மா பிடியைத் திருகினாள். பசை இன்னும் தேன்போல இழுபட்டது. நுனிப் பக்கமாக உருவி எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் ஸ்பிரிட் துணியால் உள்ளும் புறமும் துடைத்தேன். அவள் பழைய நாடாவை உரித்தெறிந்தாள், மறுபடி முழங்கையில் முட்டுக்கொடுத்தாள், விரல் தானாக மடிகிற இடத்தில் நகத்தால் கீறினாள். அந்த இடத்தில் புது நாடா, புதுப் பசை. பிடி உட்கார்ந்ததும் கம்பை முன்கையோடு சேர்த்து உயர்த்திப் பார்த்தாள். மணிக்கட்டு வளையவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"பார்த்தியா? இதுக்குத்தான் நான் மெதுவா காயற பசையை எடுத்தேன்" என்றார் அப்பா.

 அம்மா ஒட்டும் விரல்களை அவர் சட்டையிலேயே துடைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். வாசலில் நின்று, கார்க் மேல் வார்னிஷ் ஒரு சொட்டுப் பட்டாலும் இரண்டு பேரையும் கடலில் தள்ளிவிடுவேன், ஈரக்கையில் வழுக்கும் என்று சொல்லிப் போனாள்.

 அவள் தலை மறைந்ததும் இருவரும் வளையங்களைக் கட்டுகிற நூலுக்கு மேல் வார்னிஷ் பூசுவதா, கண்ணாடி மாதிரி மினுங்கும் பசைப் பூச்சா என்று தொடங்கினார்கள். இந்த முறை அவர்கள் மறுவார்த்தை பேசுவதற்குள் நான் பசைப் பூச்சு டப்பாவைத் திறந்துவிட்டேன்.

புதன்கிழமை அம்மா கல்சுவருக்குப் போனாள். இருட்டிய பிறகும் வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டு வா என்று அப்பா மாமாவை அனுப்பினார். மாமாவும் திரும்பவில்லை. அப்புறம் அப்பாவே முணுமுணுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். நான் மேசையைத் துடைத்து, நாலு தட்டையும் அதன் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.