பெயிண்டில் வரைந்த ஏழு அமினோ அமிலங்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. மாட்டிக்கொண்டவள் இசக்கிசெல்வி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “2005 மார்ச், சுங்குவார்சத்திரத்தின் காலை வெளிச்சத்தில் ஒரு புரதம் மெல்ல…” புரதம் மெல்ல ஒன்றும் செய்யாது. அடித்துவிட்டேன்.

2

இசக்கிசெல்வி என்னோடு பயோடெக் படித்தவள். நான் இரண்டாம் வருடம் யாரிடமும் சொல்லாமல் காலேஜிலிருந்து நின்றுவிட்டு, கம்பெனியில் நைட் ஷிப்டுக்குப் போனேன். சர்க்யூட் போர்டில் இணைப்பு எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அவள் புராஜெக்டுக்கு ஒரு புரதத்தின் படம் வேண்டும். புரதத்தின் வடிவத்தைத் திரையில் காட்டும் ராஸ்மோல் மென்பொருள் உனக்குத்தான் கைவரும் என்றாள்.

ஷிப்ட் முடிந்து நேராக பாபுவின் பிரவுசிங் சென்டர்.

“இன்னா தல, பச்சைக் கலர்ல ரிப்பனு? யாரு ஜடைக்கு?”

“புரோட்டீன்.”

“முட்டைல இருக்குமே, அதுவா? சீக்கிரம் முடி, ஆளுங்க வெயிட் பண்ணிக்கினு கீறாங்க.”

(பாபுவை இன்னும் நன்றாக எழுதலாம். பொறுமையில்லை.)

3

புரதச் சங்கிலியை ராஸ்மோல் ரிப்பனாகக் காட்டும். அந்த ரிப்பன் ஓரிடத்தில் அறுந்திருந்தது. சங்கிலியின் கண்ணிகளில் ஏழு அமினோ அமிலங்கள் இல்லை. அசைந்துகொண்டே இருக்கும் பகுதி எக்ஸ்ரேயில் சரியாகப் பதியாது. ஆராய்ந்தவர்கள் நேர்மையாகக் காலியாக விட்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் எட்டு மணி நேரம் அறுந்ததையெல்லாம் ரிஜெக்ட் பண்ணிவிட்டு வந்த கண். படத்தைக் கம்ப்யூட்டரில் இருந்த பெயிண்ட் மென்பொருளில் திறந்து, அதே பச்சையில் இரு முனைகளையும் இணைத்தேன். திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியைத்தான் சகிக்க முடியவில்லை.

4

வைவாவில் சங்கரநாராயணன் சார் படத்தில் விரல் வைத்திருக்கிறார். “இந்த ஏழும் எங்கேர்ந்தும்மா வந்துச்சு?”

ஒட்டியதைச் சொல்லாமல்தான் படத்தைக் கொடுத்திருந்தேன். அவளுக்குத் தெரியவில்லை. படம் போட உதவி வாங்கலாம், இட்டுக்கட்டக் கூடாது. இன்று பத்து மணிக்கு விசாரணை. அவள் செய்யவில்லை என்று தெளியாவிட்டால் டிகிரி இல்லை.

போனில் கத்தினாள்: “ஏல, என்னத்தல ஒட்டி வச்ச?”

“அறுந்திருந்துச்சு…”

“அறுந்தா அறுந்துட்டுப் போவுது! ஒன்ன யாரு ரிப்பேர் பாக்கச் சொன்னா? வந்து, நாந்தான் வரைஞ்சேன்னு சாருகிட்ட சொல்லு.”

“அந்த டிபார்ட்மென்ட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு…”

“வாரியா, இல்லையா?”

5

முடிவு ஒன்று: நான் போகிறேன். சார் நிமிர்ந்து பார்த்து (என்ன சொல்வார் என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன்)

முடிவு இரண்டு: அவளே பழியை ஏற்றுக்கொண்டு (இதை எழுதும்போது கை சரளமாக ஓடியது. அதனாலேயே வேண்டாம்.)

மணி ஒன்பது பத்து. காலேஜ் பக்கம் போகும் பஸ் எதிரே ஸ்டார்ட் பண்ணி நிற்கிறது. நான் டீக்கடை பெஞ்சில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் படிக்கும்வரை எழுதுவேன், எழுதும்வரை பஸ்ஸில் ஏறமாட்டேன்.

தயவுசெய்து படிப்பதை நிறுத்துங்கள்.