விழுந்தவளும் வலித்தவனும்

எழுபத்தோராம் ஆண்டு மழைக்காலத்திலிருந்து கம் சோய்-வான் கீழே விழும்போதெல்லாம் வலி லாய் டாக்-ஷிங்குக்குத்தான் எடுத்தது. டைமண்ட் ஹில் பக்கம் சினிமாத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். காலையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, இறால் கொழுக்கட்டை இன்றைக்குச் சுமார்தான் என்று சொல்கிற அதே குரலில், நேற்று ஷிங்குக்கு விலா எலும்பாம் என்று சொல்லிக்கொள்வார்கள். நம்பாதவர் யாரும் இல்லை. இது கொஞ்சம் அதிகம் என்று சிலரும், போதவே போதாது என்று சிலரும் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் சோய்-வான் எல்லோரையும்போலத் தன் வலியைத் தானே பட்டுக்கொண்டிருந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அம்மா வீட்டில் பிளாஸ்டிக் பூக்களுக்குக் காம்பு செருகிக் கொடுத்தாள். ஒரு மொட்டைமாடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் திரிந்த பெண்ணை ஸ்டூடியோக்காரன் ஒருவன் பார்த்துவிட, பதினெட்டு வயதில் அவள் கதாநாயகிகளுக்கு டூப் போட ஆரம்பித்தாள். ஸ்டண்ட் மாஸ்டர் லாய் டாக்-ஷிங். அவனுக்கு முன்னால் யாரும் உட்காரக் கூடாது, எதிர்த்துக் கேட்கக் கூடாது. சத்திரத்து மேல்தளத்திலிருந்து கதாநாயகி பின்பக்கமாக விழுகிற காட்சி ஒன்று வந்தது. கீழே வழக்கம்போல அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். கேமராவில் கண் வைத்துப் பார்த்த ஷிங், பெட்டியின் ஓரம் தெரிகிறதென்று எல்லாவற்றையும் அரைமனித நீளம் நகர்த்தச் சொன்னான். மேலே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வாயாடுவாள், வெளிச்சம் போய்விடும்.

இடுப்பும் இடது தொடையும் உடைந்தன. ஷிங் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்து, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினான்.

"தப்பாக் குதிச்சிட்டியேம்மா. நான் சொன்ன இடத்துல விழுந்திருந்தா இந்த நெலமை வருமா?"

"பெட்டிய நகத்தினது யாரு?"

"மருந்து மயக்கத்துல ஏதோ பேசுற. தூங்கு."

வெளியே போய் அவன் அதையே எல்லோரிடமும் சொன்னான். அந்தப் பெண்ணுக்குக் கவனம் பத்தாது, கூட வேலை செய்கிறவனையும் சேர்த்துக் கொன்றுவிடுவாள் என்றான். கம்பெனிகள் நம்பின. நம்பாதவர்களும் அவன் படங்களில் வேலை வேண்டுமென்று வாயை மூடிக்கொண்டார்கள். எலும்பு கட்டுகிற வைத்தியர் மூலிகையை அரைத்து அப்பி அப்பி ஒருவழியாக அவளை எழுப்பி உட்கார வைத்தபோது இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகியிருந்தது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு செருகினாள். ஒவ்வொரு காம்பையும் ஷிங்கின் கண்ணில் செருகுவதாக நினைத்துச் செருகியதால் வேலை மட்டும் மளமளவென்று நடந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் பொதுக்குழாயிலிருந்து வாளித் தண்ணீரோடு ஏறி வந்தவள் வழுக்கி, ஒரு மாடிப் படி முழுக்க உருண்டாள். வாளி நசுங்கியது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாரோ ஒரு தலையணையைப் படியில் உருட்டிவிட்டதுபோல இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்க்க வந்த ஃபுங் அக்கா ஸ்டூடியோவில் உடைகள் பார்ப்பவள், வாய் நிறையச் செய்தியோடுதான் வருவாள்.

"ஒரு கூத்து கேளு. முந்தாநாள் மத்தியானம் உங்க மாஸ்டர் நாற்காலில உக்காந்து நூடுல்ஸ் தின்னுக்கிட்டிருந்தான். திடீர்னு ஐயோ அம்மானு கீழ விழுந்து உருளுறான். எழுந்து பாத்தா முதுகெல்லாம் வரிவரியா வீங்கிக் கெடக்கு, படி படியா வச்சு அடிச்ச மாதிரி."

சோய்-வான் செருகிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தாள். "அக்கா, நாளைக்கு எனக்கு ஒரு உதவி. பன்னண்டு மணிக்கு அவன் மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டு இரு."

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவள் கட்டில்மேல் ஏறி நின்று முகம் அடிபட விழுந்தாள். சாயங்காலம் ஃபுங் அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து, "மூக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரிக்க முடியாமல் சிரித்தாள்.

கொஞ்ச காலம் சோய்-வான் வீட்டிலேயே விழுந்தாள். ஷிங் சாப்பிடுகிற நேரம் பார்த்துப் படியில் உருண்டாள், அவன் புது நடிகையோடு பேச உட்காரும் நேரத்தை அக்காவிடம் விசாரித்து வைத்துக்கொண்டு உருண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அம்மா, துணி கிழிகிறது என்று மட்டும் திட்டினாள். ஆனால் படிக்கட்டில் தீர்த்துக்கொள்கிற பழியில் அவளுக்கு மனம் நிறையவில்லை. அவள் குதிக்கத் தெரியாதவள் என்று அவன் சொன்ன சொல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஊரே பார்க்க, வெளிச்சத்தில், திரையில் விழவேண்டும். திரும்பத் திரும்ப ஓடுகிற படச்சுருளில் அவன் அடிபடவேண்டும்.

அதற்கு வேலை வேண்டும், வேலைக்குக் கால் வேண்டும். விழுகிற வலிதான் அவனுக்குப் போனது. ஓடுகிற வலி, தாவுகிற வலி, எழுந்து நிற்கிற வலி எல்லாம் அவளோடுதான் இருந்தன. இடது செருப்புக்குக் கட்டை வைத்துத் தைத்துக்கொண்டாள். விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் ஓடினாள். தொடை தீயாக எரிந்தது. தசை கிழிந்து படுத்து, எழுந்து, மறுபடி ஓடினாள். நொண்டுவது தெரியாமல் நடக்க ஒரு வருஷமும், ஓட இன்னொரு வருஷமும் ஆயின. காற்றில் கரணம் போடுகிறபோது குட்டைக்கால் முன்னதாகச் சுற்றிவிடுவதால், எல்லோரும் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றக் கற்றுக்கொண்டாள். கம்பெனி வாசல்களில் நின்றால், "நொண்டி கதாநாயகி படம் எடுக்கும்போது சொல்லியனுப்புறோம், போயிட்டு வா" என்றார்கள். அந்த வாசல்களையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டாள்.

கடைசியில் அபர்டீன் துறையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு, மூங்கில் சாரத்தின் உச்சியிலிருந்து பாய்மரக் கப்பலின் மரத்தளத்தில் விழ ஆள் தேவைப்பட்டது. வந்த ஆண்கள் எல்லோரும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். சோய்-வான் ஏறினாள். பெட்டி அடுக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றாள். பலகை இரண்டாகப் பிளக்கிற மாதிரி விழுந்து, எழுந்து தூசி தட்டிக்கொண்டு, இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். அந்த நேரம் கடலுக்கு அக்கரையில் ஒரு கல்யாண விருந்தில் மணமக்களுக்காகக் கிண்ணம் உயர்த்திக்கொண்டிருந்த ஷிங், வறுத்த பன்றித் தட்டின்மேல் குப்புற விழுந்தான். எக்ஸ்ரேயில் மூன்று விலா எலும்புகள் உடைந்திருந்தன. சட்டையில் கிழிசல்கூட இல்லை.

அதன்பின் வருஷங்கள் வேகமாகப் போயின. பெட்டி வேண்டாத பெண் என்று பத்திரிகைகள் எழுதின. முன்பு வாசலிலிருந்து விரட்டிய கம்பெனிக்காரர்கள் சம்பளத்தை அவளே சொல்லட்டும் என்றார்கள். அவள் லாரியிலிருந்து விழுந்தாள், குதிரையிலிருந்து விழுந்தாள், எரிகிற கூரையிலிருந்து விழுந்தாள். ஷிங், வோங் டாய் சின் சாமி கோயிலில் குச்சி குலுக்கிக் குறி கேட்டான். மந்திரித்த மஞ்சள் தாளை எரித்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தான். கடல் தாண்டி மக்காவ் நகரத்துக்குக் குடிபோனான். பிறகு தைவானுக்குப் போனான். வலி கடலைத் தாண்டி, டிக்கெட் எடுக்காமல், அதே நொடியில் வந்து சேர்ந்தது. எப்போது விழுவானென்று தெரியாத ஸ்டண்ட் மாஸ்டரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷத்தில் கைத்தடி ஊன்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சோய்-வான், போதும்மா. எனக்கு உடையாத எலும்பு ஒண்ணுகூட மிச்சமில்ல."

"எனக்கு ரெண்டுதான் உடைஞ்சுது. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க, அண்ணே?"

அவன் கைத்தடியை ஊன்றித் திரும்பிப் போனான். தொழில்காரர்கள் எல்லோரும் கூடுகிற ஹுவா குவாங் சாமி விழாவில், பத்தி புகைந்துகொண்டிருக்க, அவன் மேடையேறி, பெட்டியை நகர்த்தியது நான், அவளிடம் சொல்லாமல் விட்டதும் நான், தப்பாகக் குதித்தாள் என்றது பொய் என்று சொன்னான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்கள். சோய்-வான் கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்துவந்து அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்து, "அப்ப முடிஞ்சுதா?" என்றான்.

"உண்மைய சொன்னதுக்குத்தான் தேநீர். நாளைக்கு எனக்கு மணிக்கூண்டு சீன் இருக்கு. சீக்கிரம் போய்த் தூங்குங்க."

மறுநாள் அவள் மணிக்கூண்டுக்கு வந்தபோது ஷிங் அங்கே இருந்தான். ஊரிலுள்ள கடைகளிலெல்லாம் அட்டைப்பெட்டி பொறுக்கி வந்து, கைத்தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, தானே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். மூலைகளைக் கயிற்றால் கட்டினான், இடுக்குகளில் வைக்கோல் திணித்தான், மேலே மெத்தை போட்டு அதில் தானே படுத்துப் பார்த்தான். பெட்டி ஓரம் தெரிகிறதே என்றான் கேமராக்காரன்.

"கேமராவ நகத்துடா," என்றான் ஷிங். "பெட்டியத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்."

சோய்-வான் மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெட்டி இருக்கட்டும் என்றாள். ஆனால் மெத்தையின் நடுவே விழாமல் ஓரத்தில் விழுந்தாள்.

அன்றிலிருந்து அவள் படமென்றால் பெட்டி அடுக்குவது ஷிங்தான். மற்ற ஸ்டண்ட்காரர்களும் அவன் அடுக்கிய பெட்டியென்றால்தான் குதிப்போம் என்றார்கள். எண்பதுகளில் சோய்-வானே ஸ்டண்ட் மாஸ்டர் ஆனாள். டைட்டிலில் அவள் பெயர் தனியாக வந்தது. அவளிடம் வேலை செய்த எவருக்கும் எலும்பு உடைந்ததில்லை, ஒருவனைத் தவிர. மாஸ்டரான பிறகும் உயரத்திலிருந்து விழும் காட்சிகளை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கதாநாயகிகளெல்லாம் அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள், ஆனாலும் முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

புதிதாக வந்த நடிகை ஒருத்தி, செட்டின் மூலையில் மெத்தை விரித்து, வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த கிழவரைப் பார்த்து, அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஃபுங் அக்கா அவள் உடையின் முதுகுக் கொக்கியை மாட்டிக்கொண்டே, "இல்லம்மா, ஷாட்டுக்கு ரெடியா இருக்காரு" என்றாள். உதவி டைரக்டர் விளக்கைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், கிழவர் துண்டைக் கடித்துவிட்டாரா என்று பார்த்தான், கையை அசைத்தான். மூன்றாம் மாடி ஜன்னல் உடைந்து சோய்-வான் கண்ணாடித் தூளோடு வந்து பெட்டிகளின்மேல் விழுந்தாள். மூலையில் மெத்தை ஒருமுறை துள்ளி அடங்கியது.

"பிரமாதம். ஓகே," என்றார் டைரக்டர்.

சோய்-வான் எழுந்து தலையிலிருந்த கண்ணாடித் தூளைத் தட்டினாள். மூலையைத் திரும்பிப் பார்த்தாள். கிழவர் துண்டை வாயிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் திருப்தி இல்ல," என்றாள். "இன்னொண்ணு போயிடலாம்."

புதுக் கண்ணாடி மாட்ட ஆட்கள் ஏணியோடு போனார்கள். கிழவர் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி கடித்துக்கொண்டு, இந்த முறை குப்புறப் படுத்தார்.