பரிமளாவின் புகைக்குழாய்

பிடிவாதத்தில் பரிமளாவை வெல்ல ஜெயங்கொண்டத்தில் ஆள் கிடையாது. கேஸுக்கு மாறச் சொல்லி ஊரே உபதேசம் செய்தது. அவளுடைய முறுக்குக் கடாயின் அகலத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். அதற்கு முந்திரி விறகுதான் சரி. அந்த முறுக்குதான் அவளுக்குச் சோறு.

ஆனால் சமையற்கட்டின் பழைய செங்கல் புகைக்கூண்டு உள்ளே விரிசல் விட்டு, வீடு முழுக்கப் புகையைக் கசியவிட்டது. கணவன் ராசாங்கத்துக்கோ இழுப்பு. புகையுள்ள வீட்டில் அவன் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், அவன் அக்கா ஜெகதாம்பாள் சிறுவாச்சூருக்கு அழைத்துப் போய்விட்டாள். மூன்று மாதமாயிற்று. தாலி கட்டியவன் அக்கா வீட்டு விருந்தாளி! நினைத்தாலே பரிமளாவுக்கு வயிறு எரிந்தது.

அரியலூர் வெல்டிங் பட்டறையில் பேசி, பழைய அடுப்பு மாடத்துக்குள் கச்சிதமாக உட்காரும்படி கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்று செய்ய வைத்தாள். அதன் தலையிலிருந்து கூண்டுக்குள்ளேயே கூரைக்கு மேல் வரை எவர்சில்வர் குழாய். கொத்தனார் உத்திராபதி மேலிருந்து குழாயை இறக்க, அது பாதியில் சிக்கிக்கொண்டது.

“உள்ள வளைவு இருக்கு தங்கச்சி. எறங்காது. வுட்டுடலாம்.”

“வுடறதாவது! செவுத்த ஒடைங்கண்ணே.”

அவர் தயங்கினார். அவளே உளியை எடுத்து நாலு செங்கலைப் பெயர்த்து, குழாயை இழுத்து அடுப்பில் பொருத்தினாள். தெருவே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ராசாங்கம் வந்தான். கூடவே ஜெகதாம்பாளும்.

“ஒரு இருமல் கேட்டாலும் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்” என்றாள் வாசலிலேயே.

பரிமளா அடுப்பைப் பற்ற வைத்தாள். புகை மேலே போகாமல் கதவிடுக்கு வழியே குபுகுபுவென்று திரும்பி வந்தது. ராசாங்கம் இருமத் தொடங்க, ஜெகதாம்பாள் பையைத் தூக்கினாள்.

“கொஞ்சம் நில்லுங்கண்ணி!”

பரிமளா வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தாள். குழாயின் வாயில் சுண்ணாம்பு பூசி, கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானை ஒன்று கவிழ்ந்திருந்தது.

அடுப்புப் பற்ற வைப்பதைப் பார்க்க வந்திருந்த உத்திராபதி தலையைச் சொறிந்தார். “எல்லாரும் பாத்துட்டுப் போனாங்கல்ல... கண்ணு பட்டுடப்போவுதுன்னு நாந்தான் கவுத்தேன்.”

“கண்ணு பட்டாப் படட்டும். எம் புருஷன் மூச்சு வுடணும்!”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். சுடும் பானையை முந்தானையால் பிடித்துத் தூக்கிக் கீழே எறிந்தாள். புகை சீறிக்கொண்டு வானத்துக்குக் கிளம்பியது.

சமையற்கட்டில் புகை அடங்கிய பிறகு கடாய் ஏறியது. ஒரு ஈடு வெந்தது, இரண்டு ஈடு வெந்தது. ஜெகதாம்பாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் வரவில்லை.

“கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பலாமாடா?”

“நீ போயிட்டு வாக்கா” என்றான் ராசாங்கம். “அடுத்த ஈடு நான் பிழிஞ்சு குடுக்கணும்.”

பரிமளாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. புகை என்று சொல்லிச் சமாளிக்கவும் இப்போது வழியில்லை.